மாயா என்ற பெயருக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

கூடுகட்டி:

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பெண்ணாக இருந்தால் மாயா என்று வைக்க மனைவிக்கு ஆசை. எனக்கும் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "மாயையா? பெத்த பிள்ளைக்கு யாராவது பொய்னு பேர் வைப்பாங்களா?" என்று கேட்டவர், அதோடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சமாதானம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு தளம் தண்ணீர் என்கிறது. இன்னொன்று தாய். மூன்றாவது இளவரசி. நான்காவது கடவுளின் அருள். இரண்டே எழுத்துப் பெயருக்கு இத்தனை அர்த்தமா? எதை நம்புவது?

சும்மாவாசி:

ஐந்தாவது தளத்தையும் பார்த்திருந்தால் ராசியான எண்ணும் நிறமும் சேர்த்துக் கிடைத்திருக்குமே.

வேர்ச்சொல்:

கூடுகட்டி, நீங்கள் பார்த்ததில் தண்ணீரும் தாயும் சரி. உங்கள் அம்மா சொன்னதும் பாதி சரி. ஏனென்றால் மாயா என்பது ஒரு பெயர் இல்லை, ஒரே ஒலியில் வந்து நிற்கும் நாலைந்து பெயர்கள்.

சமஸ்கிருத மாயா முதலில். பொய்த்தோற்றம் என்பது வேதாந்தம் பரவிய பிறகு ஓங்கி நின்ற பொருள். ரிக் வேதத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் பழைய பொருள் உண்டு: வியக்கவைக்கும் ஆற்றல், உருவங்களைப் படைக்கும் திறமை. வருணனுக்கு அது இருந்ததாகப் பாடுகிறார்கள். புத்தரைப் பெற்றவர் பெயரும் மாயாதான். அந்தப் பெயரை வைத்தவர்கள் பொய் என்று நினைத்து வைத்திருக்க மாட்டார்கள்.

கிரேக்க மாயா வேறு. ஹெர்மீஸ் என்ற தேவனின் தாய் அவள். கிரேக்கத்தில் அது சாதாரணச் சொல்லும்கூட: வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக, தாய் முறையில் கூப்பிடும் சொல், செவிலித்தாய் என்றும் பொருள். இன்றைய கிரேக்க மொழியில் மருத்துவச்சிக்கு அதுதான் பெயர். எபிரேயம் பேசுகிறவர்கள் மாயாவை மயிம், அதாவது தண்ணீர் என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஜெர்மானிய, ஸ்லாவிய நாடுகளில் பல மாயாக்கள் மரியாவின் செல்லச் சுருக்கம். நடு அமெரிக்காவின் மாயா மக்களுக்கும் இவை எதற்கும் சம்பந்தம் கிடையாது.

மற்ற இரண்டு? இளவரசி என்பது சாராவின் பொருள். கடவுள் அருளினார் என்பது யோவானின் பொருள். பட்டியலை நகல் எடுக்கும்போது வரிசை தவறி ஒட்டிவிட்டார்கள் போல.

கூடுகட்டி:

நன்றி ஐயா. ஆனால் இப்போது கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. ஐந்து மாயாவில் எங்கள் மாயா எது?

வேர்ச்சொல்:

நீங்கள் எந்த மொழியிலிருந்து எடுக்கிறீர்களோ அது. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று ஆகாது. தாரா சமஸ்கிருதத்தில் நட்சத்திரம், அயர்லாந்தில் பழைய அரசர்கள் முடிசூடிய குன்றின் பெயர். நவோமி எபிரேயத்தில் இனிமை. ஜப்பானிலும் நவோமி என்று பெண்களுக்கு வைக்கிறார்கள், அங்கே அதை எந்தச் சித்திர எழுத்துகளில் எழுதுகிறார்களோ அதுதான் பொருள். நேர்மை, அழகு என்ற இரண்டு எழுத்துகள் ஒரு வழக்கமான தேர்வு. இரண்டு நவோமிகளும் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாத அயலார்.

சும்மாவாசி:

என் அக்கா மகளுக்கு வனெசா என்று பெயர். வண்ணத்துப்பூச்சி என்று பொருளாம். பிறந்தநாள் கேக்கில் வருடா வருடம் வண்ணத்துப்பூச்சிதான். அதுவாவது சரியா?

வேர்ச்சொல்:

கேக்கைக் கெடுக்க மனமில்லை, ஆனால் தலைகீழ். அந்தப் பெயரை உண்டாக்கியவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். எஸ்தர் வான்ஹோம்ரி என்ற பெண்ணின் குடும்பப் பெயரில் வான், எஸ்தரின் செல்லச் சுருக்கத்திலிருந்து எசா. ஒட்டினால் வனெசா. அவளுக்காக எழுதிய கவிதையில் வைத்த பெயர் அது. அவள் இறந்த பிறகு 1726-ல் அச்சில் வந்தது. ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்துக்கு வனெசா என்று பெயர் வைத்தது 1807-ல். பூச்சியின் பெயர் பெண்ணுக்கு வரவில்லை, பெண்ணின் பெயர்தான் பூச்சிக்குப் போனது.

சும்மாவாசி:

அக்காவிடம் சொல்லமாட்டேன்.

புதுவீட்டுக்காரன்:

பொருள் சொல்லும் தளங்களோடு எனக்கும் ஒரு வழக்கு உண்டு. என் பெயரில் பிரான்சிஸும் சேவியரும் இருக்கின்றன. சேவியர் என்றால் ஒளி மிக்கவன் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் பெருமையாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஓர் ஊர்ப் பெயர். பாஸ்க் மொழியில் எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. சவேரியார் 1506-ல் பிறந்த கோட்டை நவார் நாட்டில் இருந்தது. புதுவீடு என்ற அந்த இடத்தின் பெயர்தான் திரிந்து சேவியர் ஆனது. சரி, பிரான்சிஸாவது நல்லதாக இருக்கும் என்று பார்த்தால், அதற்குப் பிரெஞ்சுக்காரன் என்று பொருள். புனித பிரான்சிஸ் அசிசியாருக்கு ஞானஸ்நானத்தில் வைத்தது ஜொவான்னி. அப்பாதான் பிரான்செஸ்கோ என்று மாற்றிக் கூப்பிட்டார். ஆக, நான் பிரெஞ்சுக்காரன் புதுவீடு.

தமிழில் பழைய மொழிபெயர்ப்பாளர்களை இங்கே பாராட்டவேண்டும். யோவானை அருளப்பர் என்றார்கள், பொருள் தெரிந்து செய்த வேலை. பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவன். சின்னப்பர் என்றே வைத்துவிட்டார்கள். எத்தனை சின்னப்பன்களுக்குத் தன் பெயரும் பால் என்ற பெயரும் ஒன்றுதான் என்று தெரியும்?

பனையேடு:

தோமாவை விட்டுவிட்டீர்களே. அரமேயத்தில் தோமா என்றால் இரட்டைப் பிறவி. நற்செய்தியில் 'திதிமுஸ் என்னும் தோமா' என்று வரும். திதிமுஸ் என்பது கிரேக்கத்தில் இரட்டை. இரட்டை என்னும் இரட்டை. அவருடைய சொந்தப் பெயர் எங்கே போனதோ.

கடலோடி:

இந்த இழையில் புகுந்துகொள்ள எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. 20 வருடம் கப்பலில் வேலை. பணியாளர் பட்டியலை வாசித்தாலே பாதி உலகம் கேட்கும்.

ஒரு கப்பலில் பாலித்தீவுக்காரர்கள் ஐந்து பேர். மேல்தளத்தில் நின்று "வாயான்!" என்று கத்தினால் மூன்று தலை திரும்பும். முதல் வாரம் எனக்குப் பைத்தியமே பிடித்தது. அப்புறம்தான் சொன்னார்கள், வாயான் என்றால் மூத்த பிள்ளை. இரண்டாவது மாடே, அது நம்முடைய மத்திய என்ற சொல்தான். மூன்றாவது நியோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே வரிசை. கடைசியில் நெட்டை வாயான், சமையல் வாயான், பாடுகிற வாயான் என்று கூப்பிட்டோம். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஊரிலும் அப்படித்தானாம்.

கானா நாட்டு அக்கான் மக்களிடம் இன்னொரு கணக்கு: பிறந்த கிழமை. வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. சனியில் குவாமே, அமா. ஞாயிறு குவாசி, அகோசுவா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்தது 1938 ஏப்ரல் 8, நாட்காட்டியைப் பார்த்தால் வெள்ளிதான். அவருடைய நடுப்பெயர் அத்தா, அதற்கு இரட்டை என்று பொருள்; கூடப் பிறந்த சகோதரிக்கும் அதே அத்தா. பனையேடு சொன்ன தோமா இங்கேயும் வந்துவிட்டார் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதை நானே கண்டுபிடித்து ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். பர்மாவில் பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயரைத் தொடங்குவது வழக்கம். வெள்ளிக்கு உரியவை த ஒலியும் ஹ ஒலியும். அவருக்கு முன்பு ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பர்மாக்காரர் ஊ தாண்ட் பிறந்தது 1909 ஜனவரி 22. அதுவும் வெள்ளி. ஊ என்பது வெறும் மரியாதைச் சொல், பெயர் தாண்ட் மட்டும்தான், த-வில் தொடங்குகிறது. ஐ.நா.வின் மூன்றாவது பொதுச்செயலாளரும் ஏழாவது பொதுச்செயலாளரும் தங்கள் பெயரிலேயே வெள்ளிக்கிழமையைச் சுமந்தவர்கள்.

கூடுகட்டி:

இரட்டையர் பெயர் என்றதும் மனைவி பயந்துவிட்டார். எங்களுக்கு ஒன்றுதான், ஸ்கேனில் பார்த்தாயிற்று.

கடலோடி:

இருந்தாலும் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யொருபா மக்களிடம் இரட்டையரில் முதலில் வெளியே வருபவர் தாயிவோ, உலகத்தைச் சுவைத்துப் பார்க்க வந்தவர். பின்னால் வருபவர் கெஹிந்தே. மூத்தவர் யார் என்று கேட்டால் கெஹிந்தே என்பார்கள். "உலகம் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா" என்று தாயிவோவை அனுப்பிவைத்தவர் அவர்தானாம். ஏவுகிறவர்தானே பெரியவர்!

நல்லபெயர்:

எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் கூடுகட்டியின் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பெயர் என்றால் நல்ல பொருள் வேண்டும். 1993-ல் ஜப்பானில் ஒரு தகப்பன் மகனுக்கு அகுமா, அதாவது பேய் என்று பெயர் வைக்கப் போனார். நகராட்சி மறுத்துவிட்டது, நாடே பேசியது. பொருள் முக்கியமில்லை என்றால் ஏன் அவ்வளவு அமளி?

வேர்ச்சொல்:

பொருள் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பெயரையும் ஒரு வாக்கியமாகப் படிக்க முடியாது என்கிறேன். பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டு. ஆறாம் நூற்றாண்டு பிராங்கிய அரசி ஃபிரெடகுண்டின் பெயரில் முதல் துண்டு சமாதானம், அடுத்தது போர். சமாதானப் போர் என்று அதற்கு விளக்கம் எழுதினால் அது நம் கற்பனை. (அவர் வாழ்க்கையில் இரண்டாவது துண்டுதான் அதிகம்.) 11-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆயர் வுல்ஃப்ஸ்டன் பெயரைப் பிரித்தால் ஓநாய், கல். யாராவது பிள்ளைக்கு ஓநாய்க்கல் என்று வைப்பார்களா? அம்மா வுல்ஃப்கிவு, அப்பா ஆதல்ஸ்டன். அம்மாவிடமிருந்து முன்பாதி, அப்பாவிடமிருந்து பின்பாதி. இரண்டு பேரும் பிள்ளையின் பெயரில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

கெட்ட பொருள் ஆளைக் கெடுத்ததாகவும் தெரியவில்லை. மண்டேலாவுக்குப் பெற்றவர் வைத்தது ரொலிஷ்லாஷ்லா. மரக்கிளையைப் பிடித்து இழுப்பது என்று நேர்ப்பொருள், பேச்சு வழக்கில் தொல்லைக்காரன். நெல்சன் என்பது பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியை வைத்தது. ஸ்பெயினில் தோலோரெஸ் என்றால் துயரங்கள், மாதாவின் வியாகுலங்களை நினைத்து வைப்பது. அந்தத் தோலோரெஸைத்தான் செல்லமாக லோலா என்று கூப்பிடுகிறார்கள். லோலா என்று கேட்டால் யாருக்காவது அழுகை வருகிறதா?

பனையேடு:

வாக்கியமாகவே படிக்கக்கூடிய பெயர்களும் இருக்கின்றனவே. 'கடவுள் கொடுத்தது' என்ற ஒரே நன்றி எத்தனை மொழியில் இருக்கிறது பாருங்கள்: சமஸ்கிருதத்தில் தேவதத்தன், பாரசீகத்தில் கொதாதாத், ஸ்லாவியத்தில் பொக்தான், எபிரேயத்தில் நத்தானியேல், மத்தேயு. அகஸ்தீன் தன் மகனுக்கு லத்தீனில் அதேயோதாதுஸ் என்று வைத்தார். கிரேக்கர்கள் தியோதோரா என்று வைத்தார்கள், அதையே திருப்பிப் போட்டு தோரத்தேயா என்றும் வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தவர் செவில் நகரத்து ஆயர் இசிதோர். அவர் பெயருக்கு எகிப்திய தேவி இசிஸ் கொடுத்தது என்று பொருள். கிறிஸ்தவ ஆயர், புனிதர், பெயரில் பழைய தேவி. யாருக்கும் உறுத்தவில்லை.

கடலோடி:

கெட்ட பெயர் என்று பேச்சு வந்துவிட்டதால் ஒரு பட்டியல். காலன் கண்ணில் படக்கூடாது என்று வேண்டுமென்றே மட்டமாக வைக்கும் பெயர்கள் எங்கும் உண்டு. மங்கோலியாவில் நெர்குய் என்றால் பெயரில்லாதவன், எனெபிஷ் என்றால் இது இல்லை. தேடி வருகிற தீய ஆவி "இது இல்லையாம்" என்று திரும்பிப் போகவேண்டும். யொருபாவில் மலோமோ, இனிமேல் போகாதே. துருக்கியில் துர்சுன், தங்கட்டும். தமிழில் பிச்சை, குப்பு. அதே வரிசையில் துருக்கிய யெத்தெர், தமிழில் போதும்பொண்ணு.

நான்காமவள்:

கடலோடி அண்ணா, கடைசி இரண்டையும் அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிச்சை என்று வைப்பது பிள்ளை நிலைக்கவேண்டும் என்று. போதும் என்று வைப்பது பிள்ளையிடம் பேசுவதே இல்லை, அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று கடவுளிடம் சொல்வது. 2011-ல் மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் நக்குசா, அதாவது வேண்டாதவள் என்ற பெயர் கொண்ட 285 பெண் பிள்ளைகளுக்கு ஒரே விழாவில் பெயர் மாற்றினார்கள். அவர்களை யாரும் காலனிடமிருந்து ஒளித்துவைக்கவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வீட்டில் நான்காவது பெண். அக்காக்கள் மூன்று பேருக்கும் பூவின் பெயர். எனக்குப் போதும்பொண்ணு. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் டீச்சர் ஒரு நொடி நிறுத்துவார். யார் என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு நொடி வரக்கூடாது என்று, எனக்கு முந்தினவள் சொன்ன உடனேயே "உள்ளேன்" சொல்லப் பழகிக்கொண்டேன். வேலைக்குப் போனதும் முதல் காரியமாகப் பெயரை மாற்றினேன். அம்மா மட்டும் இன்னும் பழைய பெயர்தான். முழுசாக இல்லை, சுருக்கி, "ஏ போது, சாப்பிட்டியா?" என்று.

கடலோடி:

எடுத்துவிட்டேன் அம்மா. கண்ணில் படாமல் ஒளித்துவைப்பதும் கண்ணுக்கே வேண்டாம் என்பதும் ஒன்றில்லைதான். யோசிக்காமல் சேர்த்துவிட்டேன்.

பனையேடு:

நான்காமவள், ஒன்று சொல்லலாமா? போது என்பது தனிச்சொல். அரும்பாக இருந்தது முதிர்ந்து, இதழ் விரியப்போகும் நேரத்துப் பூவுக்குப் பெயர் போது. குறள் 1227-ல் வரும்: காலை அரும்பி, பகலெல்லாம் போதாகி, மாலை மலரும் என்று. அக்காக்கள் மூவருக்கும் பூப்பெயர் என்றீர்கள். நாலாவதும் பூதான். உங்கள் அம்மா இதையெல்லாம் படித்துவிட்டுச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெயரில் இருந்த 'ம்'மையும் 'பொண்ணு'வையும் அவர் வாய் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

எண்ஜோதி:

மாயா என்ற பெயரின் கூட்டு எண் பார்த்தீர்களா? தனிச்செய்தியில் வந்தால்

மட்டுறுத்துநர்:

மேலே உள்ள பதிவு வெட்டப்பட்டது. இழை தொடரட்டும்.

நான்காமவள்:

நேற்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். ஏன் போது என்று கூப்பிட ஆரம்பித்தாய் என்று கேட்டதற்கு, "முழுசாக் கூப்பிட வாய் வரலடி" என்றார். அது நீளத்தைச் சொன்னதா வேறு எதையாவதா, நான் கேட்கவில்லை. போது என்றால் பூ என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்ன பூ? முல்லையா, மல்லியா?" என்கிறார்.

பனையேடு ஐயாவுக்கு நன்றி.

கூடுகட்டி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதன்கிழமை இரவு 11:40-க்குப் பெண் குழந்தை. மாயா என்றே வைத்துவிட்டோம். இருவரும் நலம்.

கடலோடி:

வாழ்த்துகள்! அக்கான் கணக்கில் புதன்கிழமைப் பெண் அக்குவா. பர்மியக் கணக்கில் ம எழுத்து வியாழனுக்கு உரியது. உங்கள் மகள் இன்னும் இருபது நிமிடம் பொறுத்திருக்கலாம்.

நல்லபெயர்:

வாழ்த்துகள். பாட்டி சமாதானம் ஆனாரா?

கூடுகட்டி:

வேதத்துப் பொருள், புத்தரின் தாய், எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "சரி சரி, உங்க இஷ்டம்" என்றுவிட்டார், கேட்கக்கூட இல்லை. ஆனால் இன்றுவரை அந்தப் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. குழந்தையைத் தூக்கினால் "வாடி என் அம்மா, என்னைப் பெத்த அம்மா" என்றுதான் கொஞ்சல். வேர்ச்சொல் ஐயா கிரேக்க மாயாவைப் பற்றி எழுதியதை மேலே போய் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லப்போவதில்லை. தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுவார்.